முக்கால் மில்லிமீட்டர் குளவியைப் புது இனமாக எழுதுவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவே ஒரு குறுவை வயல். அதன் வரப்பில் வைத்த மஞ்சள் தட்டில் விழுந்த குளவி அது. நீளம் 0.7 மி.மீ. ஒரு கடுகின் மேல் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். இது புது இனமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்த நாளிலிருந்து கட்டுரை ஏற்கப்பட்ட நாள் வரை 2 வருஷம் 4 மாதம் ஆயிற்று. அதில் ஒரு வருஷமாவது எனக்கு யாரும் சொல்லித் தராததால் போனது. கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில், ஆய்வு நிதி எதுவும் இல்லாமல் செய்த வேலை. அதனால் எங்கே பணம் வீணாகும், எங்கே நாள் வீணாகும் என்று நன்றாகவே தெரியும்.

விலங்கியலோ வேளாண் பூச்சியியலோ படித்து, ஏதாவது ஒரு கல்லூரியில் நுண்ணோக்கி தொட அனுமதி உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பேசுவது மைமாரிடே குடும்பக் குளவிகளைப் பற்றி. மற்றப் பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து வளர்பவை இவை. புகையான், பச்சைத் தத்துப்பூச்சி முட்டைகளை அழிப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. டிரைக்கோகிரம்மா போன்ற மற்றப் பொடிக் குளவிகளுக்கும் வேலைமுறை ஏறக்குறைய இதுதான். என் குளவியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். காரணம் 7ஆம் படியில் வரும்.

1. அனுமதி

முதல் அனுமதி வயல்காரரிடம். வரப்பு அவருடையது என்பதால் மட்டுமல்ல, மருந்தடிக்கும் நாள் அவருக்குத்தான் தெரியும். அடித்த மறுநாள் தட்டு வைத்தால் சோப்புத் தண்ணீரைத்தான் வடிகட்டுவீர்கள். நான் கேட்காமல் 30 தட்டு வைத்தேன். சாயங்காலம் ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, வரப்பு பூரா மஞ்சத் தட்டு, உள்ள உப்புத் தண்ணி... யாருக்கு வச்சிருக்கீங்க?" என்றார். சிரித்து மழுப்பினேன். மறுநாள் காலையில் 11 தட்டு வாய்க்காலில் மிதந்தது. அதன் பிறகு முன்கூட்டியே போய், ஒரு சீசாவில் செத்த குளவிகளைக் காட்டிவிட்டுத்தான் தட்டு வைக்கிறேன்.

கோடியக்கரை போன்ற சரணாலயத்துக்குள் பிடிப்பதானால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இல்லாமல் பிடித்ததை எந்த நல்ல இதழும் ஏற்காது. புதியவர்கள் தனியார் வயலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மூன்றாவது விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். இந்தியக் குடிமகன் இந்தியாவுக்குள்ளேயே வகைப்பாட்டு ஆய்வு செய்தால் தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் போக வேண்டியதில்லை. ஆனால் மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதென்றால், ஒரே ஒரு ஸ்லைடாக இருந்தாலும், சென்னைத் தரமணியில் உள்ள அந்த ஆணையத்தின் அனுமதி வேண்டும். "கூரியரில் அனுப்பிவிடு, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று அறிவுரை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். படம் அனுப்புங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

2. தட்டு

மஞ்சள் பிளாஸ்டிக் தட்டு, பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். வெளிர் மஞ்சள் வேண்டாம், பளிச்சென்ற மஞ்சள் வேண்டும். பாதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள், ஒரு கைப்பிடி கல் உப்பு. சலவைத்தூள் இல்லாவிட்டால் குளவி தண்ணீர்மேல் நின்றுகொண்டே இருக்கும். உப்பு இல்லாவிட்டால் ஆடி வெயிலில் மறுநாளைக்குள் அழுகிவிடும்.

பயிர் தூர் கட்டுவதிலிருந்து கதிர் வரும் வரை நல்ல பருவம். காலையில் வைத்து மறுநாள் காலையில் எடுங்கள். தட்டின் விளிம்பு வரப்பு மட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். வயல் நண்டு வளை பக்கத்தில் வைத்தால் தட்டு கவிழ்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தட்டை நிரப்பி எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். ஆகவே குறுவையில் தொடங்குங்கள். சம்பாவில் தொடங்கினால் மழைவிட்டு, பொங்கலை ஒட்டித்தான் உருப்படியாகக் கிடைக்கும்.

டீ வடிகட்டி உதவாது. முதல் இரண்டு வாரம் அதில்தான் வடிகட்டினேன், மைமாரிடே ஒன்றுகூடத் தென்படவில்லை. இந்த வயலில் இல்லையோ என்று நினைத்தேன். எல்லாம் ஓட்டை வழியாக மண்ணில் போயிருக்கிறது! வேட்டித் துணியும் வேண்டாம், நூலில் கால் சிக்கி முறியும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் மிக நுண்ணிய நைலான் வலை சரியாக இருக்கும்.

3. ஸ்பிரிட், சீசா, சீட்டு

எத்தில் ஆல்கஹாலைத் தனி ஆள் கடையில் வாங்க முடியாது, உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கல்லூரி ஆய்வகத்தோடு முதலிலேயே பேசி வையுங்கள். டி.என்.ஏ. எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீதத்துக்கு மேல் வேண்டும். உடலமைப்பு மட்டும் போதுமென்றால் 70 சதவீதம். அவசரத்துக்கு ஐசோபுரோப்பைல் தாங்கும், ஆனால் அதிலேயே மாதக்கணக்கில் விட்டு வைக்காதீர்கள்.

சீசாவுக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்கள். பால்பாயிண்ட் மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஊர், வட்டம், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பிடித்த முறை, பிடித்தவர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பின்னால் கட்டுரையில் அச்சாகப்போவது இதே வரிதான். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, "அப்புறம் எழுதலாம்" என்று விட்ட ஒரு சீசா என் மேசையில் இன்னும் இருக்கிறது. உள்ளே 40 குளவி. எந்த வயல் என்று தெரியாததால் ஒன்றுக்கும் உதவாது.

4. உலர்த்தி ஒட்டுவது, ஸ்லைடு போடுவது

கை பழக வேண்டிய இடம் இது. முதல் 20 குளவியைப் பாழாக்கத்தான் போகிறீர்கள். ஆகவே சந்தேகக் குளவியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஏராளமாகக் கிடைக்கும் வேறு ஏதாவது ஒன்றில் பழகுங்கள்.

ஸ்பிரிட்டிலிருந்து எடுத்து அப்படியே காயவிட்டால் உடல் வற்றல் மாதிரி சுருங்கிவிடும். ஹெச்.எம்.டி.எஸ். என்ற திரவத்தில் ஊறவைத்துக் காயவிட்டால் உருவம் நிற்கும். அதன் ஆவி நெஞ்சுக்கு ஆகாது, ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹூட்) வைத்துத்தான் செய்ய வேண்டும். காய்ந்ததைத் தண்ணீரில் கரையும் பசையால் சிறு அட்டையில் ஒட்டுங்கள். நிறத்தை இப்போதே பார்த்து எழுதிவிடுங்கள், படமும் எடுத்துவிடுங்கள். அடுத்த கட்டத்தில் நிறம் போய்விடும்.

அட்டையில் பார்த்தால் குடும்பம் தெரியும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் பேரினம் தெரியும். இனம் தெரிய ஸ்லைடு வேண்டும். காய்ந்த குளவியிலிருந்து ஒரு பக்க இறக்கைகளை மினுட்டன் என்ற மிக மெல்லிய ஊசியால் கழற்றி முதலில் கேனடா பால்சம் என்ற தெளிந்த பிசினில் வைத்துவிடுங்கள். உடலை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூடாக வைத்து உள்சதையைக் கரைத்து, தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி, கிராம்பு எண்ணெய்க்கு மாற்றி, பிறகு பால்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். தலை, உணர்கொம்பு, மார்பு, வயிறு எல்லாவற்றையும் ஒரே கவர் ஸ்லிப்புக்குக் கீழே போடாதீர்கள். கவர் ஸ்லிப்பை வைரமுனைப் பேனாவால் நான்காக வெட்டி, ஒரே ஸ்லைடில் நாலு துண்டாக வையுங்கள். பருமனான மார்புக்காகக் கண்ணாடி உயர்ந்து நின்றால் இறக்கையும் உணர்கொம்பும் சாய்ந்து, அளவெல்லாம் தப்பாகும்.

தண்ணீர் ஒரு துளி மிச்சமிருந்தால் பால்சம் பால் மாதிரி வெளுக்கும். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றிலேயே அந்தத் துளி இருக்கிறது. நவம்பரில் போட்ட ஆறு ஸ்லைடும் எனக்கு வெளுத்தன. அதன் பிறகு தையிலிருந்து ஆனி வரைதான் ஸ்லைடு வேலை. 40 டிகிரி ஆய்வக ஓவனில் வாரக்கணக்கில் காய வேண்டும். காய்வதற்குள் எண்ணெய் லென்ஸை வைத்தால் கவர் ஸ்லிப் நகரும், அதோடு உணர்கொம்பும் போகும்.

ஒட்டிய அட்டைகளை மேசையில் விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எறும்பு அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும்.

5. புதிதுதானா?

கிடைத்த முதல் மாதமே ஒரு குளவியின் முன் இறக்கை துடுப்பு மாதிரி இருந்தது. நீண்ட காம்பு, நுனியில் மட்டும் அகலம். இப்படி ஒன்றை யாரும் பார்த்திருக்க முடியாது என்று இரவெல்லாம் தூங்கவில்லை. மைமார் டாப்ரோபானிக்கம் அது. 1875இலேயே பெயர் வைத்தாயிற்று. இலங்கையின் பழைய பெயர் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

நெல் வயல் பூச்சிகளுக்கு ஆசியா முழுக்கவே ஒரே ஊர்தான். இந்திய இனங்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் புதிது என்று எழுதினால், நாளைக்கு யாராவது உங்கள் பெயரை மறுபெயர்ப் பட்டியலில் தள்ளிவிடுவார்கள். இலங்கை, தாய்லாந்து, சீனா, ஆஸ்திரேலியா வரை பாருங்கள். கீழ்த்திசை மைமாரிடே பேரினங்களுக்கு 1983இல் சுப்பாராவும் ஹயாத்தும் வெளியிட்ட இனங்காணும் திறவுகோலில் தொடங்கி, அதன் பிறகு ஒவ்வொரு பேரினத்தையும் மறுஆய்வு செய்து வந்த கட்டுரைகளுக்குப் போங்கள். யுனிவர்சல் கால்சிடாய்டியா டேட்டாபேஸில் பேரினத்தின் எல்லா இனப் பெயர்களும் கட்டுரை விவரங்களும் இருக்கின்றன. பழைய கட்டுரைகள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் இலவசம். இந்தப் படிக்குச் செலவு கிடையாது, ஆனால் எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

பழைய விவரிப்புகள் சில மூன்றே வரி. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, மூல மாதிரியைத்தான் பார்க்க வேண்டும். மியூசியங்கள் ஹோலோடைப்பை (இனப்பெயருக்கு ஆதாரமான அந்த ஒரே மூல மாதிரியை) தனி ஆளுக்கு அனுப்பாது. குறிப்பிட்ட உறுப்பின் படம் கேட்டு எழுதினால் பல இடங்களில் எடுத்து அனுப்புவார்கள். "இந்த இனத்தின் படம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். "பெண் உணர்கொம்பின் ஃபியூனிக்கிள் 3, 4 கணுக்கள், பக்கவாட்டில்" என்று எழுதுங்கள் (ஃபியூனிக்கிள் என்பது உணர்கொம்பின் நடுப்பகுதி). பதில் வர ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை ஒட்டுண்ணிக் குளவிகளில் நெடுநாளாக வேலை செய்கிறது. பஸ் ஏறிப் போய் நேரில் காட்டுவது பத்து மின்னஞ்சலுக்குச் சமம்.

6. அளப்பதும் எழுதுவதும்

என் முதல் வரைவு இப்படி இருந்தது: "உடல் மஞ்சள் கலந்த பழுப்பு. உணர்கொம்பு நீளமானது. முன் இறக்கை மிகக் குறுகலானது, ஓரத்தில் நீண்ட மயிர்கள் உண்டு." ஒரு பேராசிரியர் படித்துவிட்டு, "ஏம்ப்பா, இது பாதி மைமாரிட்டுக்குப் பொருந்துதே. இதுல உன் பூச்சி எங்க?" என்றார்.

திருத்திய வரைவு (எண்களை மாற்றியிருக்கிறேன்): "முன் இறக்கை நீளம் அகலத்தைப் போல 7.1 மடங்கு. மிக நீண்ட ஓர மயிர் இறக்கை அகலத்தைப் போல 2.3 மடங்கு. ஃபியூனிக்கிளின் 2ஆம் கணுவே மிக நீளம். நீளவாட்டு சென்சில்லா 4, 6ஆம் கணுக்களில் மட்டும். ஓவிபாசிட்டர் முன்கால் டிபியாவைப் போல 2.4 மடங்கு." (சென்சில்லா என்பது உணர்கொம்பின் நுண் உணர்வுறுப்பு, ஓவிபாசிட்டர் முட்டையிடும் குழல், டிபியா காலின் கெண்டைப் பகுதி.) அழகு போய்விட்டது. ஆனால் யார் வேண்டுமானாலும் தன் குளவியை எடுத்துவைத்து, இது அதுதானா என்று பார்க்கலாம். நிறத்தை நம்பாதீர்கள். முட்டையை விட்டு அப்போதுதான் வெளிவந்த குளவி வெளுத்திருக்கும். உடல் நீளத்தையும் நம்பாதீர்கள். பெரிய முட்டைக்குள் வளர்ந்தது பெரிதாகவும் சிறியதில் வளர்ந்தது சிறிதாகவும் இருக்கும். விகிதம் அவ்வளவு சுலபமாக மாறாது.

வரிசை எப்போதும் ஒன்றே: நிறம், தலை, உணர்கொம்பு, மார்பு, இறக்கை, கால், வயிறு. ஒவ்வொரு உறுப்பிலும் எதைப் பார்ப்பது? தலையில் ஒற்றைக் கண்களுக்கு இடையிலான தூரமும், அவற்றுக்கும் கூட்டுக்கண்ணுக்கும் உள்ள தூரமும். உணர்கொம்பில் ஸ்கேப், பெடிசெல் (அடியிலுள்ள முதல் இரண்டு கணுக்கள்), ஃபியூனிக்கிள் கணு ஒவ்வொன்றின் நீள அகலம், எந்தக் கணுவில் எத்தனை சென்சில்லா, நுனிக் குண்டாந்தடி எத்தனை கணு. இறக்கையில் நீள அகலம் (ஓர மயிரைச் சேர்க்காமல்), பரப்பில் உள்ள நுண்மயிர் வரிசைகள், மயிரில்லாத வெற்றிடம் எங்கே என்பது. காலில் பாதக் கணு நான்கா ஐந்தா. மூன்று என்றால் நீங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் மைமாரிடே அல்ல, டிரைக்கோகிரம்மாட்டிடே. வயிற்றில் இடுப்புக் காம்பின் வடிவம், ஓவிபாசிட்டர் எங்கே தொடங்கி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பது.

ஒன்றை மட்டும் அளந்து எழுதாதீர்கள். ஹோலோடைப்பின் அளவைக் கொடுத்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மற்ற மாதிரிகளின் குறைந்த, அதிக அளவுகளைக் கொடுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே தட்டில் விழுந்தன என்பதற்காக ஜோடி சேர்க்கவும் கூடாது. ஆணின் உணர்கொம்பு நூல் மாதிரி, பெண்ணுடையது நுனி தடித்தது. பார்த்தால் வேறு வேறு இனம் மாதிரியே இருக்கும். ஒரே முட்டைக் குவியலிலிருந்து வளர்த்து எடுத்தாலோ டி.என்.ஏ. பொருந்தினாலோ மட்டும் சேருங்கள். இல்லாவிட்டால் "ஆண்: அறியப்படவில்லை" என்று எழுதுவதில் வெட்கமில்லை.

அளவுகோல் விஷயத்தில் நான் பட்டது: ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடி அளவுகோலில் 1 மி.மீ. நூறு பாகமாக இருக்கும், ஒரு பாகம் 0.01 மி.மீ. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக அதை வைத்து அளவு சரிசெய்ய வேண்டும். நான் செய்தேன். நடுவில் பக்கத்து ஆய்வகத்தார் கேமரா அடாப்டரை வாங்கிப்போய், திருப்பித் தரும்போது வேறொன்றைத் தந்திருக்கிறார்கள். 0.5க்குப் பதில் 0.63. அதன் பிறகு எடுத்த படங்களில் எல்லா நீளமும் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. விகிதம் சரியாக இருந்ததால் கண்ணில் படவில்லை. உடல் நீளத்துக்கும் உறுப்புகளின் நீளத்துக்கும் ஒட்டவில்லையே என்று மதிப்பாய்வாளர் கேட்டபிறகுதான் தெரிந்தது. 9 மாதிரிகளை மறுபடி அளந்தேன், ஏழு வாரம். ஒவ்வொரு நாளும் முதல் படமாக மைக்ரோமீட்டரையே எடுத்து வைத்துவிடுங்கள்.

வேறுபாட்டுக் குறிப்பைக் கடைசியில் எழுதுங்கள். நெருங்கிய இரண்டு மூன்று இனங்களோடு, ஒரே உறுப்பை இரு பக்கமும் சொல்லி ஒப்பிட வேண்டும். "இதில் இறக்கை குறுகல், அதில் சென்சில்லா அதிகம்" என்பது ஒப்பீடே அல்ல. விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி இந்த வேறுபாடு சொற்களில் இருந்தாக வேண்டும், படம் மட்டும் போதாது. படங்களுக்குப் பல குவியங்களில் எடுத்து அடுக்க வேண்டும். காம்பைன்இசட்.பி., இமேஜ்ஜே என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். அளவுகோட்டைப் போட்டபிறகு படத்தைச் சுருக்கினால் கோடும் சேர்ந்து சுருங்கட்டும், தனியாகப் பிரித்து வைக்காதீர்கள்.

டி.என்.ஏ. கட்டாயமில்லை. மாதிரி நிறைய இருந்தால் செய்யுங்கள். உடலை நசுக்காமல் டி.என்.ஏ. எடுத்து, கூட்டைத் திருப்பித் தரும் முறை உண்டு. அதைத்தான் செய்வார்களா என்று அனுப்புமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

7. பெயர்

பெயர் லத்தீன் எழுத்தில், அதே பேரினத்தில் ஏற்கெனவே இல்லாததாக இருக்க வேண்டும். ஊர்ப்பெயரோடு சேரும் "என்சிஸ்" விகுதி நம் மாவட்டங்களுக்கெல்லாம் வந்தாயிற்று, பட்டியலைப் பாருங்கள். பெயரடையாக வைத்தால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும். தமிழ்ப் பெயர்ச்சொல்லை அப்படியே வைத்து, "ஒட்டுப்பெயராக நிற்கும் பெயர்ச்சொல்" என்று கட்டுரையில் எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை அந்த வட்டாரத்தில் மதிக்க மாட்டார்கள்.

கட்டுரை வெளிவரும் முன் பெயரை எங்கும் சொல்லக் கூடாது. கல்லூரி விழாவில் வேண்டாம், நாளிதழ் நிருபரிடம் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். விவரிப்பில்லாமல் வெளியான பெயர் செல்லாத பெயர். அந்த இனத்தை வேறு யாராவது முந்திக்கொண்டு விவரித்துவிட்டால் கேட்க முடியாது. என் கட்டுரை அச்சில் இருக்கிறது, அதனால்தான் வாய் திறக்கவில்லை.

8. ஹோலோடைப்

ஒரே ஒரு மாதிரிதான் ஹோலோடைப். சிவப்புச் சீட்டு ஒட்டுங்கள். எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்று கட்டுரையில் இல்லாவிட்டால் பெயர் செல்லாது. உங்கள் வீட்டு அலமாரியோ துறை அலமாரியோ இதற்கு ஆகாது. உயிரியல் பன்முகச் சட்டம் 2002இன் 39ஆம் பிரிவும், புதிய உயிரினத்தைக் கண்டவர் அங்கீகரிக்கப்பட்ட வைப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கொல்கத்தா தலைமையகம், பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் இரண்டும் பலரும் வைக்கும் இடங்கள். பதிவு எண்ணைக் கட்டுரை அனுப்பும் முன்பே கேட்டுக் கடிதம் எழுதுங்கள்.

கூரியரை நம்பி அனுப்பிய ஒரு பாராடைப் (ஹோலோடைப்போடு சேர்த்து வைக்கும் துணை மாதிரி) ஸ்லைடு இரண்டாக உடைந்து போய்ச் சேர்ந்தது. ஹோலோடைப்பை நானே மைசூர் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் போய்க் கொடுத்தேன். டிக்கெட் காசு அந்தப் பயத்தைவிட மலிவு.

9. இதழ்

காசு கேட்டு, "ஏழு நாளில் வெளியீடு" என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் உங்களைத் தேடி வரும். பணம் போவது ஒரு பக்கம், பெயரே செல்லாமல் போவது மறுபக்கம். மின்வடிவில் மட்டும் வரும் கட்டுரை, வெளியாகுமுன் ஜூபேங்கில் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில்) பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவின் சான்றும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். பதிவு இலவசம். பலர் இனப்பெயரை மட்டும் பதிந்துவிட்டுக் கட்டுரையைப் பதிய மறக்கிறார்கள். விதி கேட்பது கட்டுரையின் பதிவைத்தான்.

ஜூடாக்ஸா இதழில் பக்கக் கட்டணம் இல்லை. ஜூகீஸ் இதழ் கட்டணம் வாங்கும், ஆனால் எவரும் இலவசமாகப் படிக்கலாம். கையில் காசில்லாதவர்கள் எதைத் தேர்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மதிப்பாய்வுக்கு எனக்கு நான்கு மாதம், திருத்தத்துக்கு மூன்று மாதம். "இப்போதைய வடிவில் ஏற்கமுடியாது, பெரும் திருத்தம் தேவை" என்று வந்தால் கடிதத்தை மூடிவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறங்கள். பாதிக் கேள்விகளுக்குப் பதில் உங்கள் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருக்கும்.

அச்சுப்படி வந்தால் இரண்டு மூன்று நாளில் திருப்பித் தரச் சொல்வார்கள். அதில் முழுக் கட்டுரையையும் படித்துக்கொண்டிருக்காதீர்கள். ஹோலோடைப்பின் பால், பதிவு எண், தசமப் புள்ளிகள், அளவுகோடுகள், ஜூபேங்க் எண், இந்த ஐந்தை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எனக்கு அது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வந்தது. மடிக்கணினியில் சார்ஜ் வைத்திருங்கள்.